செத்து மிதக்காமல் காணாமல் போன கொடுவா: பாக் நீரிணைக் கரையில் ஒரு தொட்டிப் பண்ணை

பிப்ரவரியில் ஆயிரம் கொடுவா மீன் குஞ்சுகளை இரண்டு தொட்டிகளில் சரிபாதியாக விட்டார்கள். மார்ச் கடைசியில் வலை போட்டு எண்ணியபோது 430 தான் இருந்தன. இடைப்பட்ட ஆறு வாரத்தில் செத்து மிதந்த மீனையெல்லாம் அந்த வீட்டுப் பெண் எடுத்து நோட்டில் குறித்து வைத்திருந்தார். அந்தக் கணக்கு 38. மிச்சம் ஐந்நூறுக்கு மேல் எங்கே போனது?

தொட்டியில் எந்த மீனை விடலாம், என்ன தீவனம் போடலாம் என்று கேட்கிறவர்களுக்கு இப்போதெல்லாம் இந்த வீட்டுக் கதையைத்தான் சொல்கிறேன். எந்த மீன், எந்தத் தீவனம் என்று கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்வதில்தான் கோளாறே தொடங்குகிறது. மீனைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் வாயையும் வயிற்றையும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். அதற்கு என்ன வேண்டும், அது வருஷம் முழுக்கக் கிடைக்குமா, தின்றுவிட்டு அது கழிப்பதைத் தொட்டி தாங்குமா என்பதெல்லாம் குஞ்சுக்கு முன்பணம் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியவை. இந்த வீட்டில் சந்தை விலையைப் பார்த்து மீனை முடிவு செய்தார்கள். தீவனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்கள்.

ஊர், மண்டபத்திலிருந்து ஆற்றங்கரை வழியாகத் தேவிபட்டினம் போகும் பாக் நீரிணைக் கரையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் விசைப்படகில் பல காலம் போய்விட்டு, முதுகுவலியால் கரையேறியவர். அவருடைய தம்பி இன்னும் படகில் போகிறார். தொட்டியைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரரின் மனைவி. தீவனம் போடுவது, தண்ணீர் மாற்றுவது, கணக்கு எழுதுவது எல்லாம் அவர்தான். எனக்குத் தொட்டி மீன் பழக்கம் உண்டு என்பதால் தம்பிதான் போன் செய்து வரச் சொன்னார்.

தொட்டி முதலில் வந்தது, மீன் பிறகு வந்தது

பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத திட்டம் 2020-ல் வந்தபிறகு, வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்த் தொட்டி வைத்து, தண்ணீரிலேயே நுண்ணுயிரை வளர்த்துக் கழிவைச் சமாளிக்கும் பயோஃப்ளாக் முறையில் மீன் வளர்க்கும் ஆசை உள்நாட்டைப் போலவே கடற்கரையையும் பிடித்துக்கொண்டது. இவர்கள் மானியத்துக்குப் போகவில்லை. சொந்தக்காரர் ஒருவர் வைத்ததைப் பார்த்துக் கைக்காசில் இரண்டு தொட்டி போட்டார்கள். ஒவ்வொன்றும் நாலு மீட்டர் விட்டம், ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர். கணக்குப் போட்டால் ஒரு தொட்டிக்குப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர். தண்ணீருக்குள் காற்றை ஊதும் ஒரு ஏர் புளோயர், குழாய், குமிழி விடும் ஏர் ஸ்டோன்கள், ஒரு போர்வெல். போர்த் தண்ணீர் உப்பு. கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தால் அப்படித்தான் வரும்.

முதலில் விட்டது ஜிலேபி, அதாவது திலாப்பியா மீன். மீன் நன்றாகவே வந்தது. சாணியைப் போன்ற பழுப்புத் தண்ணீர், வாரம் இரண்டு தடவை வெல்லக் கரைசல், 28 சதவீதம் புரதமுள்ள சாதாரண மிதவைத் தீவனம். ஜிலேபி தீவனத்தையும் தின்னும், தண்ணீரில் திரளும் நுண்ணுயிர்த் துகளையும் தின்னும். உப்பு கொஞ்சம் ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும். பிரச்சினை விற்பனையில் வந்தது. காலையில் கரைக்கு வந்தால் துடிக்கத் துடிக்க நகரையும் விளைமீனும் கிடைக்கிற ஊரில் ஜிலேபியை யார் வாங்குவார்? “குளத்து மீனைக் கொண்டுவந்து கடக்கரைல விக்கிறியளே” என்று சிரித்தார்களாம். ஏலக்கூடத்தில் அதற்கு விலையே கேட்கவில்லை.

அதனால் அடுத்த தடவை கொடுவா. ஓட்டல்காரர்கள் தேடி வாங்கும் மீன். உப்புத் தண்ணீர், நல்ல தண்ணீர் இரண்டிலும் வாழும். 1997-லேயே சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இதன் குஞ்சைப் பொரிப்பகத்தில் உற்பத்தி செய்துகாட்டிவிட்டது, ஆக குஞ்சும் கிடைக்கும். இந்த வாதத்தில் எதுவும் தப்பில்லை. ஆனால் தொட்டி, புளோயர், தீவனம் போடும் பழக்கம், போடும் நேரம் எல்லாம் ஜிலேபிக்கு வைத்தவை. அவற்றில் ஒன்றும் மாறவில்லை.

காணாமல் போன ஐந்நூறு

நான் போனபோது சந்தேகப் பட்டியல் தயாராக இருந்தது. முதல் சந்தேகம் கொக்கு. தொட்டிக்கு மேலே கட்டிய வலையில் கிழிசல் இருந்தது உண்மை. இரண்டாவது, பக்கத்து வீட்டுப் பூனை. மூன்றாவது சந்தேகத்தை வெளியே சொல்லவில்லை, ஆனால் ஒரு மனிதரைப் பற்றியது என்பது புரிந்தது. “அண்ணே, செத்திருந்தா மிதக்கணும்ல? நா காலைலயும் சாயங்காலமும் பாக்குறேன், ஒண்ணுமே மிதக்கல” என்று அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். செத்த மீன் உண்மையிலேயே இல்லை.

இருட்டியபிறகு டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளிச்சம் பட்டால் கொடுவாவின் கண் சிவப்பாக மின்னும். மேல்மட்டத்தில் சில கண்கள் பெரிதாக, ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன. ஓரத்தில், ஏர் ஸ்டோன் குமிழிக்குப் பின்னால், சின்னக் கண்கள் கூட்டமாக ஒதுங்கியிருந்தன. மறுநாள் வலை போட்டு அளந்தபோது பெரியவை பன்னிரண்டு, பதின்மூன்று சென்டிமீட்டர். சின்னவை ஆறுகூட இல்லை. ஒரே நாளில் விட்ட குஞ்சுகள்.

கொடுவா தன் இனத்தையே தின்னும். தன் நீளத்தில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள தம்பியை முழுசாக விழுங்கிவிடும். பன்னிரண்டு சென்டிமீட்டர் மீனுக்கு ஏழு, ஏழரை சென்டிமீட்டர்க் குஞ்சு ஒரு வாய் உணவு. விழுங்க முடியாத அளவைக் கடித்துவிட்டு, தொண்டையில் சிக்கி, விழுங்கியதும் விழுங்கப்பட்டதும் சேர்ந்தே சாவதும் உண்டு. நோட்டில் இருந்த 38-ல் சில, “வாயில வாலு நீட்டிட்டு இருந்துச்சு” என்று குறித்தவை. அதைப் படித்திருந்தால் கொக்கு தப்பித்திருக்கும்.

குஞ்சுப் பருவத்தில் இந்தக் குணம் உச்சத்தில் இருக்கும். பதினைந்து சென்டிமீட்டர் தாண்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே கொடுவா வளர்ப்பில் முதல் இரண்டு மாதம் தீவனம் போடுவதைவிடத் தரம்பிரிப்பதுதான் பெரிய வேலை. நாலைந்து நாளுக்கு ஒருமுறை, அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை, பெரிது, நடு, சிறிது என்று பிரித்துத் தனித்தனியாக விட வேண்டும். தனித்தொட்டி இல்லையென்றால் தொட்டிக்குள்ளேயே கொசுவலைத் துணியில் தைத்த ஹாப்பா என்னும் வலைப்பைகளைத் தொங்கவிட்டுப் பிரிக்கலாம். இங்கே அதைத்தான் செய்தார்கள்.

சரி, ஒரே அளவில் வந்த குஞ்சுகளுக்குள் இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? இரண்டு காரணம். குஞ்சு கொண்டுவந்து கொடுத்த வியாபாரி இரண்டு ஈட்டுக் குஞ்சுகளைக் கலந்து ஆயிரமாக்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். நோட்டில் முதல் நாளே “சிலது பெருசு” என்று எழுதியிருந்தது. அது எப்படியோ போகட்டும், இரண்டாவதுதான் முக்கியம், அது தீவனம் போடும் விதம். ஜிலேபிக்குப் போட்டது போலவே நாளுக்கு ஒரு தடவை, ஒரே மூலையில், ஒரே அளவுத் தீவனம். ஒரே மூட்டைதான் வாங்கியிருந்தார்கள். பெரிய குஞ்சுக்கு ஏற்ற உருண்டை சின்னக் குஞ்சின் வாயில் நுழையாது. மூலையில் விழுவதைப் பெரியவை சுற்றி வளைத்துக்கொள்ளும். பசியோடு இருக்கும் கொடுவாவுக்குப் பக்கத்தில் நீந்துவதும் தீவனம்தான்.

இந்த வயதுக் குஞ்சுக்கு ஒரு நாளில் நாலைந்து தடவை, உடல் எடையில் எட்டு முதல் பத்து சதவீதம் வரை, 45 சதவீதத்துக்குக் குறையாத புரதமுள்ள நுண்தீவனம் வேண்டும். வளர வளர விகிதம் குறையும். அரைக் கிலோவை நெருங்கும்போது இரண்டு, மூன்று சதவீதம் போதும். தொட்டியின் பரப்பு முழுவதும் தூவ வேண்டும், ஒரே இடத்தில் கொட்டக் கூடாது. அந்த அம்மா இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். மாமியாரின் பழைய சொளகில் தீவனத்தை வைத்துக்கொண்டு தொட்டியைச் சுற்றி நடந்தபடியே போட ஆரம்பித்தார். பாய்ந்து எடுக்கும் வேகம் குறைந்ததும் நிறுத்திவிடுவார். வயிறு முட்டப் போடுவதில்லை. அடுத்த ஆறு வாரத்தில் 430-ல் முப்பத்துச் சொச்சம்தான் குறைந்தது.

சங்காயம் என்ற இலவசத் தீவனம்

ஏப்ரல் முதல் வாரத்தில் தம்பிக்கு ஒரு யோசனை. விசைப்படகில் வரும் சங்காயம், அதாவது மனிதர் தின்ன விலைபோகாமல் கோழித் தீவனத்துக்குக் காயப்போடும் பொடிமீன், கூடை கூடையாகக் கிடைக்கிறது. காரல், சூடை, நெத்திலிக் குப்பை. அதை நறுக்கிப் போட்டால் மூட்டைத் தீவனத்துக்குக் காசு ஏன்? கொடுவா அதை எப்படித் தின்னும் என்று ஒருமுறை பார்த்தவர்கள் யாரும் இந்த யோசனையை மறுக்க மாட்டார்கள். தண்ணீர் கொதிப்பது போல இருக்கும்.

கணக்கைப் பார்ப்போம். பச்சை மீனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மூட்டைத் தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் தண்ணீர். ஆக நாலு கிலோ சங்காயத்தில் இருக்கும் உலர்ந்த சத்து, ஒரு கிலோ உருண்டைத் தீவனத்தில் இருப்பதற்குச் சமம். ஒரு கிலோ கொடுவா ஏற, நல்ல உருண்டைத் தீவனம் ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ போதும். பச்சை மீன் என்றால் ஐந்து முதல் எட்டுக் கிலோ வரை இழுக்கும். மீன் சும்மா கிடைத்தாலும் நறுக்கும் நேரம், ஐஸ், பெட்டி எல்லாம் சும்மா வருவதில்லை. நறுக்கும்போது வடியும் இரத்தநீரும் கொழுப்பும் தொட்டிக்குள்ளேதான் போகிறது. கடலில் மிதக்கும் கூண்டு என்றால் நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். மூடிய தொட்டியிலிருந்து அது எங்கே போகும்?

இன்னொரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. நெத்திலி, சூடை இனங்களில் சிலவற்றின் பச்சை உடம்பில் வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்ற மீன் தீனியை வெறுத்து, நிலை தடுமாறி நீந்த ஆரம்பிக்கும். கொழுப்பு சிக்குவாடை அடித்த பழைய சங்காயமானால் அது வேறு கெடுதல். கடல் மீனின் நோய்க்கிருமி பச்சையாகவே வீட்டுத் தொட்டிக்கு வந்துசேரும் வழியும் இதுதான். கொடுவாக் குஞ்சைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் நரம்பு வைரஸ் நோய்க்குக் கொடுக்க மருந்தே இல்லை.

இவற்றில் எதுவும் இந்த வீட்டில் நடக்கவில்லை. நடப்பதற்குள் ஏப்ரல் 15 வந்துவிட்டது. கிழக்குக் கடற்கரையில் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக் கூடாது. சங்காயம் ஒரே நாளில் நின்றது. பத்து நாளாக மெத்தென்ற பச்சை மீனைத் தின்று பழகிய கொடுவா, பழைய மூட்டையிலிருந்து உலர்ந்த உருண்டையை எடுத்துப் போட்டதும் வாயில் வாங்கித் துப்பியது.

அப்போது பக்கத்து இறால் பண்ணையிலிருந்து மீந்த தீவனம் இரண்டு மூட்டை மலிவாக வந்தது. புரதம் நல்ல அளவில்தான் இருந்தது. ஆனால் இறால் தீவனம் தரையில் போய்ப் படிவதற்கென்றே செய்தது. இறால் தரையில் மேயும். கொடுவாவோ நடுநீரில் கண்ணுக்கு எதிரே விழுந்துகொண்டிருப்பதைத்தான் பாய்ந்து எடுக்கும். அடியில் படிந்ததைக் குனிந்து பொறுக்காது. இரண்டு நாளில் தொட்டியின் அடியில் ஒரு விரல்கடைக்குத் தீவனச் சேறு. நான் மறுபடி போனபோது தொட்டிப் பக்கம் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. அடிச்சேற்றை ஹோஸ் வைத்து உறிஞ்சி எடுக்கவே ஒரு பகல் ஆனது.

கொடுவாவை உருண்டைத் தீவனத்துக்குத் திருப்ப ஒரே வழி படிப்படியாகத்தான். முதலில் அரைத்த மீனில் கொஞ்சம் உருண்டைத் தீவனத்தைப் பொடித்துப் பிசைந்து, கொஞ்சம் மைதா சேர்த்து இறுக்கிச் சின்ன உருண்டையாகப் போட வேண்டும். நாளுக்கு நாள் மீனைக் குறைத்துத் தீவனத்தைக் கூட்ட வேண்டும். தடைக்காலத்தில் அரைக்க மீன் ஏது? நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. கரைவலைக்காரர்களிடம் கொஞ்சம் காரல் கிடைத்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் முழுசாக மிதவைத் தீவனத்துக்கு வந்துவிட்டன. சங்காயத்தால் மிச்சம் பிடித்த பணம் இந்தப் பன்னிரண்டு நாளில் கரைந்தது என்று அந்த அம்மா கணக்கெழுதியிருக்கிறார். கூட்டலைச் சரிபார்த்தேன், பிழையில்லை.

தண்ணீருக்குள் போகும் புரதம்

தீவனத்தைப் பற்றிப் பேசும்போது மீன் எவ்வளவு தின்றது என்று மட்டும் பார்க்கிறோம். தின்றதில் பெரும்பங்கு புரதம் உடைந்து, செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியே வருகிறது. மீன் வளர்ப்புப் பொறியியலில் இதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. போடும் தீவனத்தின் எடையைப் புரத விகிதத்தால் பெருக்கி, அதை 0.092-ஆல் பெருக்கினால் ஒரு நாளில் உண்டாகும் அம்மோனியா நைட்ரஜன் கிடைக்கும். ஜிலேபிக்கு 28 சதவீதத் தீவனம் மூன்று கிலோ போட்டால் 77 கிராம். கொடுவாவுக்கு 45 சதவீதத் தீவனம் அதே மூன்று கிலோ போட்டால் 124 கிராம். பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் தொட்டி ஒன்றில் இது ஒரே நாளில் லிட்டருக்குப் பத்து மில்லிகிராம் அளவுக்கு ஏறும், எதுவும் அகற்றப்படாவிட்டால்.

அந்த அம்மோனியாவில் எவ்வளவு விஷம் என்பதை வெப்பமும், தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவும் முடிவு செய்கின்றன. 30 பாகை வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட விஷவடிவில் இருக்காது. 8 என்றால் ஏழெட்டுப் பங்கு. 9 என்றால் கிட்டத்தட்டப் பாதி. இந்தக் கரையின் போர்த் தண்ணீரில் பி.எச். பெரும்பாலும் எட்டையொட்டித்தான் நிற்கிறது. சுண்ணாம்புப் பாறையும் சிப்பி மணலும் கலந்த மண். கடல்நீரும் எட்டுக்கு மேல்தான். சேலத்துக்காரர் ஒருவர் தன் தொட்டியில் சமாளித்த அம்மோனியா, இங்கே அதே அளவில் மீனை மூச்சுத்திணற வைக்கும்.

வெல்லம் ஊற்றி நுண்ணுயிரை வளர்த்து அம்மோனியாவை இழுத்துக்கொள்ளலாமே என்றால், முடியும். அதுதான் பயோஃப்ளாக். ஆனால் அந்தத் துகளைத் தின்னும் வாய் ஜிலேபிக்கு இருக்கிறது, இறாலுக்கு இருக்கிறது, கொடுவாவுக்கு இல்லை. துகள் பெருகிக்கொண்டே போய் செவுளில் ஒட்டும், ஆக்சிஜனையும் குடிக்கும். ஊனுண்ணி மீனை பயோஃப்ளாக்கில் விடச் சொல்லும் விளம்பரங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கொடுவாவுக்குத் தெளிந்த தண்ணீர், வடிகட்டி, அடிக்கழிவை அன்றாடம் வெளியேற்றும் நடுக்குழாய், தினசரி நீர் மாற்றம் இவைதான் வழி. இந்த வீட்டில் மே மாதம் வெல்லத்தை நிறுத்தி, தினமும் ஐந்தில் ஒரு பங்கு நீர் மாற்ற ஆரம்பித்தார்கள்.

அந்த நீர் எங்கே போகிறது என்பதும் இந்த விவகாரத்தில் சேர்ந்ததுதான். இராமநாதபுரக் கரையில் குடிதண்ணீர் என்பது மணலில் தோண்டிய ஊத்துதான். உப்பு நீரின் மேல் மழைநீர் மெல்லிய படலமாக நிற்கும், அதை இறைத்துக் குடிக்கிறார்கள். கொல்லையில் கொட்டும் உப்புக் கழிவுநீர் பக்கத்து வீட்டு ஊத்தை ஒரே கோடையில் கெடுத்துவிடும். பக்கத்து வீட்டம்மா வந்து சண்டை போட்டது நியாயம்தான். குழாயைப் போட்டு ஒரு குழியில் கழிவைப் படியவிட்டு, தெளிந்ததை உவர்நிலத்துப் பக்கம் திருப்பினார்கள். உவர்நீர், கடல்நீர் வைத்துக் கரையோரத்தில் மீன் வளர்க்கிறவர்கள் 2005-ம் ஆண்டுச் சட்டத்தின்படி கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்வது பற்றி மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆகஸ்ட் இரவு

ஆகஸ்டில் ஒரு தொட்டியின் தார்ப்பாய் கிழிந்தது. சரிசெய்யும்வரை எல்லா மீனையும் இன்னொரு தொட்டியில் சேர்த்தார்கள். அப்போது 370 மீன், சராசரி 350 கிராம். மொத்தம் 130 கிலோ. மாலையில் வழக்கம்போலத் தீவனம். இரவு பத்தரைக்கு மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் இருந்தது, வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும். புளோயருக்கு இல்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து மின்சாரம் வந்தபோது 140 மீன் கவிழ்ந்திருந்தது.

இதில் மர்மம் எதுவுமில்லை. 30 பாகையில் நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் அதிகபட்சம் ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். கடல்நீரானால் ஆறு சொச்சம்தான். தொட்டியில் ஐந்து இருந்தது என்று வைத்தால் மொத்தம் 62 கிராம். தீனி தின்று செரித்துக்கொண்டிருக்கும் மீன் கிலோவுக்கு மணிக்கு 300 மில்லிகிராம் அளவில் இழுக்கும். 130 கிலோவுக்கு 39 கிராம். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குக் கீழே போனால் கொடுவா தாங்காது, அதற்கு மேலே இருப்பது 37 கிராம். ஒரு மணி நேரம்கூட வராது. தீவனம் போடாத நாளாக இருந்து, மீன் இரண்டு தொட்டியிலும் இருந்திருந்தால், அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை ஒரு சேதமும் இல்லாமல் கடந்திருக்கும்.

அதனால் தீவனம் போடும் நேரத்துக்கு அந்த வீட்டில் இப்போது ஒரு கட்டுப்பாடு உண்டு. பெரிய தீனி காலை வெயில் ஏறியபிறகு. மாலையில் பொழுது சாயும் முன்பே கொஞ்சமாக. மீனை இடம் மாற்றும் நாளிலும் முந்தின நாளிலும் தீவனம் இல்லை. புளோயருக்கென்று தனி பாட்டரி வந்துவிட்டது. அது எட்டு மாதம் முன்பே வந்திருக்க வேண்டியது.

அக்டோபரில் வாடைக்காற்று இறங்கும் முன் மிச்ச மீனைப் பிடித்தார்கள். 226 மீன், அரைக் கிலோவையொட்டி. இரண்டு ஓட்டல்களும் ஒரு மீன் கம்பெனிக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல விலை. தீவனக் காசும் குஞ்சுக் காசும் வந்தன. உழைப்புக்கு எதுவும் மிஞ்சவில்லை.

அப்படியானால் எந்த மீன்?

இந்தக் கரையில் வழிகள் குறைவில்லை. கடல்விராலை 2010-லும் பொம்பானோவை 2011-லும் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துகாட்டியது. 1947-ல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகமே முன்பு பல வருஷம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. கடல்விரால் ஒரு வருஷத்தில் மூன்று கிலோவுக்கு மேல் போகும். அதற்கு இடமும் முழு உப்பும் ஓட்டமும் வேண்டும். கூண்டுக்கு ஏற்றது, கொல்லைத் தொட்டிக்கு அல்ல. பொம்பானோ கூட்டமாக நீந்தும், கொடுவா அளவுக்குத் தம்பியைத் தின்னாது, உருண்டைத் தீவனத்துக்கு எளிதாகப் பழகும். கடல்நீரைத் தொட்டிக்குக் கொண்டுவர முடிகிறவர்கள் யோசிக்கலாம். ஆனால் கடலைத் தினமும் நம்ப முடியாது. 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாப் பக்கம் பூங்கோரை என்னும் நுண்பாசி பரவித் தண்ணீர் பச்சையாகி, கரையில் மீன் செத்து ஒதுங்கியது. அந்த வாரம் கடலிலிருந்து பம்பு போட்டிருந்தால் தொட்டியிலும் அதுதான் நடந்திருக்கும்.

களவா விலை அதிகம், ஆனால் அதுவும் ஊனுண்ணி, தம்பியைத் தின்பது, கொடுவாவைவிட மெதுவாக வளர்வது. பால்கெண்டையும் மடவையும் பாசி மேயும் மீன்கள். தீவனச் செலவு குறைவு. ஆனால் அவற்றுக்குத் தொட்டி வீண். பாசிப்படலம் வளரும் ஆழமில்லாத உவர்க்குட்டை வேண்டும். பால்கெண்டைக் குஞ்சு இராமேசுவரம், மண்டபம் கரைகளில் கோடையில் வருவது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

ஜிலேபியையும் நான் ஒதுக்க மாட்டேன். உள்ளூரில் விற்காது, சரி. பரமக்குடி, மானாமதுரை பக்கம் விற்கும். அங்கே கடல்மீன் ஐஸில் இரண்டு நாள் கிடந்து வருகிறது, உயிரோடு வரும் ஜிலேபிக்கு மவுசு உண்டு. தீவனம் மலிவு, தொட்டி தாங்கும், தூக்கம் கெடாது. வீட்டுக்காரருக்கு இந்த வாதம் பிடிக்கவில்லை. கடற்கரையில் பிறந்துவிட்டு ஜிலேபி விற்பதா என்பது அவருடைய மனக்குறை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது முடிவு செய்திருப்பது இது. ஒரு தொட்டியில் மட்டும் கொடுவா, இருநூறு மீன். குஞ்சு பத்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், எண்ணி, அளந்து, உருண்டைத் தீவனம் தின்பதைக் கண்ணால் பார்த்து வாங்குவது. சின்னக் குஞ்சைவிட விலை பல மடங்கு. ஆனால் ஆயிரம் வாங்கி ஐந்நூறைத் தொலைத்த கணக்கோடு ஒப்பிட்டால் மலிவு. இரண்டாவது தொட்டி தண்ணீரைத் தெளியவைக்கவும், தரம்பிரித்த மீனை விடவும். தடைக்காலத்துக்குத் தேவையான மிதவைத் தீவனத்தை மார்ச்சிலேயே, இரண்டு அளவில், வாங்கி வைப்பது. மூன்று மாதத்துக்கு மேல் வேண்டாம், இந்த ஈரக்காற்றில் மூட்டை பூஞ்சை பிடிக்கும்.

குஞ்சு ஜனவரியில் வருகிறது. தம்பி சங்காயத்தைப் பற்றி மறுபடி பேச்செடுத்திருக்கிறார். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் வேகவைத்துப் போடலாமா என்று கேட்கிறார். வேகவைத்தால் அந்த நொதி செயலிழக்கும், கிருமியும் பெரும்பாலும் போகும். எலும்பும் குடலும் நீக்கி, காலையில், தண்ணீர் மாற்றும் முன் போடுவதாக இருந்தால் எனக்கு ஆட்சேபமில்லை என்று சொல்லியிருக்கிறேன். “மதினிகிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே” என்றார். மதினியோ அடுப்பில் சங்காயம் வேகும் நாற்றத்துக்கு இன்னும் சம்மதிக்கவில்லை.